முழுத் தேங்காயா, தேங்காய்ப்பால் மாவா: ஒரு மலையகச் சமையலறைக் கணக்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலைதான், தென்னந்தோப்பு கிடையாது. எங்கள் சமையலறைக்கு வரும் தேங்காய், குருநாகல், புத்தளம் பக்கத்தில் பறிக்கப்பட்டு, லொறியில் கினிகத்தேனை வளைவுகளைத் தாண்டி மலையேறி வருவது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழியில் உடைந்ததன் நட்டம் எல்லாம் கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் விழும். 2024 இறுதியில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்தது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்த சம்பளத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஒரே தேங்காய்க்குப் போனது.

அந்த நாட்களில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பலர் தேங்காயை விட்டுவிட்டு, தேங்காய்ப்பால் மா பாக்கெட்டுக்கு மாறினார்கள். நானும் மாறினேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தேன். ஆனால் எல்லோரும் என்னைப் போலத் திரும்ப வேண்டும் என்று சொல்லமாட்டேன். எது சிக்கனம் என்பது வீட்டில் எத்தனை வாய் இருக்கிறது, உடைத்த தேங்காய் எத்தனை நாளில் தீர்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் முழுத் தேங்காய். விலையை மட்டும் வைத்துப் பாக்கெட்டோடு ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் தேங்காயில் வாங்குவது பாலை மட்டும் இல்லை. உடைத்த ஒரு மூடியில் பருப்புக் கறிக்குப் பால், மற்ற மூடியில் சம்பலுக்கோ கீரைச் சுண்டலுக்கோ துருவிய பூ, பிழிந்த சக்கை ரொட்டி மாவுக்கு, மிச்சம் கோழிக்கு. சிரட்டையை எங்கள் வீட்டில் ஒருபோதும் எறிவதில்லை. ஜூன், ஜூலை மழையில் கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய விறகுக் குச்சி, எல்லாம் ஈரமேறி, அடுப்பில் புகைந்துகொண்டே கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு காய்ந்த சிரட்டைத் துண்டு போட்டால் உடனே பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை.

ஆனால் மலையகத்தில் நாம் தேங்காயில் ஒரு பகுதியை வீணாக்குகிறோம், அதுவும் தெரியாமலே. தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் எண்ணெய்ப் போத்தல் மெழுகு போல் வெள்ளையாகி நிற்பது எல்லோரும் பார்த்ததுதான். அதே கொழுப்புதான் துருவிய பூவுக்குள்ளும் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை, அதுவும் ஊற்றிலிருந்து நேரே வரும் பனி போன்ற தண்ணீரை ஊற்றிப் பிழிந்தால், பால் வெளுத்த நீராக வரும். கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடும். நான் ஒரே தேங்காயின் இரண்டு மூடிகளையும் தனித்தனியாகத் துருவிப் பார்த்தேன். ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், மற்றதற்குக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், இரண்டுக்கும் ஒரே கோப்பை அளவு. வெந்நீரில் ஊறிய பூவைப் பிழிந்தபோது விரலிடுக்கில் வழிந்த பால் கெட்டியாக, கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. குளிர்ந்த நீரில் பிழிந்த சக்கையை எடுத்துக் காகிதத்தில் அழுத்தினால் எண்ணெய்த் தடம் பரவியது. வெந்நீர்ச் சக்கையில் அந்தத் தடம் மிகச் சிறியது. கீழ்நாட்டு வெயிலில் சமைப்பவர்கள் சாதாரணத் தண்ணீரில் பிழிந்தாலும் பெரிதாகக் குறையாது. நமக்கு அது பொருந்தாது. தேநீருக்குக் கேத்தல் அடுப்பில் இருக்கும்போதே அரைக் கோப்பை எடுத்துப் பூவில் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். முன்பு முழுத் தேங்காய் கேட்ட கறிக்கு எங்கள் வீட்டில் இப்போது முக்கால் தேங்காய் போதுகிறது.

இனிப் பால் மா. இதன் நல்ல பக்கம் உண்மையானது. ஒரு தேக்கரண்டி வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டிதான் எடுக்கலாம். விடிகாலை ஐந்து மணிக்குத் துருவ வேண்டியதில்லை. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு ஏழரைக்குக் கொழுந்து பறிக்க மலைக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு அந்த இருபது நிமிடம் பெரிய காசு. கெட்டுப்போன மூடி என்ற கவலையும் கிடையாது.

கெட்ட பக்கம் எங்கள் மூடுபனியில் தெரியும். பாக்கெட்டை வெட்டிய நான்காம் நாளே மா ஈரத்தை இழுத்துக் கட்டியாகிறது. கட்டி தட்டிய மாவைக் கறியில் நேரே போட்டால் உருண்டை உருண்டையாக மிதக்கும். பிறகு அதைக் கரண்டியால் நசுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வெட்டியவுடன் இறுக்கமாக மூடும் போத்தலுக்கு மாற்றுவதும், இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊற்றுவதும்தான் வழி. ஒன்றைக் கவனியுங்கள்: பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தால் பலவற்றில் மோல்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாச்சத்தும், பசும்பாலிலிருந்து எடுக்கும் கேசினேட்டும் சேர்ந்திருக்கும். முழுக்க முழுக்கத் தேங்காய்க்குக் காசு கொடுக்கிறோம் என்று நினைப்பது தவறு. பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கும் வீட்டில் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. பூவும் சக்கையும் சிரட்டையும் பாக்கெட்டில் இல்லை. நான் திரும்பி வந்ததற்கு முதற் காரணம் சம்பல்தான். பாக்கெட் வாங்கிய பிறகும் சம்பலுக்கென்று தனியாகத் தேங்காய் வாங்கினேன். இரண்டுக்கும் செலவு செய்தால் சிக்கனம் எங்கே?

தேங்காயின் பெரிய ஆபத்து அழுகல். நகரத்தில் ஒரு கடையில் வாங்கிய இரண்டில் ஒன்று, வீட்டுக்கு வந்து உடைத்தபோது உள்ளே மஞ்சளாகி நாறியது. மறுநாள் கொண்டுபோனேன், மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அன்று முதல் கடையிலேயே, "தம்பி, இதை இங்கேயே உடைத்துக் கொடுங்கள்" என்று கேட்கிறேன். இரண்டு வாங்கினால் ஒன்றை உடைத்தும், ஒன்றைக் குடுமியோடு முழுதாகவும் எடுத்து வருவேன். முழுதாக வாங்குவதைக் காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். கண்களைச் சுற்றி ஈரக்கசிவோ பூஞ்சணமோ இருக்கக்கூடாது. உடைத்த பிறகு கண்ணுள்ள மூடியை முதலில் துருவிவிடுங்கள், அதுதான் முதலில் கெடும். மற்றதில் லேசாக உப்புத் தடவிக் கவிழ்த்து வைத்தால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் எங்கள் குளிரில் இரண்டு நாள் தாங்கும்.

கடைகளில் விற்கும் பாதித் தேங்காயை நான் ஆதரிக்கமாட்டேன். அது எப்போது உடைத்தது என்று யாருக்கும் தெரியாது. பெட்டியில் வரும் திரவத் தேங்காய்ப்பால் விருந்து நாளுக்குச் சரி. திறந்தால் உடனே தீர்க்க வேண்டும்.

ஆகவே என் கணக்கு இது: நாலு பேருக்கு மேல் சாப்பிடும் வீட்டில், உடைத்த தேங்காய் இரண்டு நாளில் தீரும் என்றால், முழுத் தேங்காயும் வெந்நீரும்தான் மலிவு. இருவர் மட்டும் இருக்கும் வீட்டில், வாரத்தில் இரண்டு கறிக்குத்தான் பால் வேண்டும் என்றால், சிறிய பாக்கெட்தான் சரி. மூன்றாம் நாள் புளித்த மூடியைக் குப்பைக்கு எறிவதைவிட அது எவ்வளவோ மேல்.

பக்கத்து வீட்டு அக்காவின் பிள்ளைகள் இருவரும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் அவர் கணவரும்தான். பாக்கெட்டையே வைத்துக்கொள்ளச் சொன்னேன், அதைத்தான் செய்கிறார். அடைமழைக் காலத்தில் மட்டும், "தங்கச்சி, ரெண்டு சிரட்டை இருந்தால் தா" என்று வாசலில் வந்து நிற்பார். அவருக்கென்றே அடுப்படி மூலையில் ஒரு சாக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன்.