அண்ணாச்சியின் கணக்கு நோட்டு: டி அண்ட் டி மேசையில் நான்கு வருடக் கடை அனுபவம்

"ஊருக்கு வந்தாச்சு. முதல்ல கடைக்குப் போயிடலாம்."

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி, எல்லோரும் சேர்ந்து கதை நடத்தும் விளையாட்டு. அந்த மேசையில் பிளேயர்கள் இப்படிச் சொன்னதும் முன்பெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். டிராகனை நடத்துவது சுலபம். அது எதற்கு வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கயிறும் தீப்பந்தமும் விற்கிற ஒரு மனிதரை வைத்துக்கொண்டு ஐந்து பேரைக் கொட்டாவி விடாமல் உட்காரவைப்பதுதான் பெரும்பாடு.

நான்கு வருடமாக டிஎம்மாக இருக்கிறேன், அதாவது கதையை நடத்திக்கொண்டு, கடைக்காரர், டிராகன் என்று மற்ற எல்லாருமாகப் பேசுகிறவன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்ததும், எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் செஷன் நடக்கும். விதிகளின் ஐந்தாம் பதிப்பு, 2014-இல் வந்த புத்தகங்கள். கடைக் காட்சிக்காக நான் செய்து பார்த்தவற்றில் எது நிலைத்தது, எது ஓடாமல் போனது என்று இங்கே எழுதுகிறேன். 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்' என்ற அச்சில் வந்த சாகசக் கதையை இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று படியுங்கள், கதை கசியும்.

முதல் வருடம் நான் செய்தது ரொம்ப எளிது. விதிப் புத்தகத்தின் விலைப் பட்டியலை ஐந்து ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். நீள்வாள் 15 பொன் (அதாவது பொற்காசு), காயம் ஆற்றும் ஹீலிங் போஷன் 50 பொன், தொலைநோக்கி 1,000 பொன். நாலு பேர் ஹோட்டல் மெனு கார்டைப் பார்ப்பதுபோல மௌனமாகப் படித்தார்கள். ஐந்தாமவர் போனை எடுத்துவிட்டார். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வாங்கியது ஒரு சணல் கயிறும் இரண்டு போஷனும். அன்றைக்குச் சண்டைக்கே நேரமில்லை.

அடுத்து குரல் மாற்றிப் பேசிப் பார்த்தேன். மூக்கால் பேசும் கொல்லர், கிசுகிசுக்கும் மூலிகைக் கிழவி. முதல் இரண்டு செஷன் நன்றாகச் சிரித்தார்கள். மூன்றாவதில் என் கையிருப்பு தீர்ந்துபோய், எல்லாக் கடைக்காரரும் ஒரே தாத்தாவாக ஆகிவிட்டார்கள். தொண்டைக் கட்டுதான் மிச்சம். குரல் நன்றாக வருகிறவர்கள் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதை நம்பி ஒரு கடையைத் திறக்காதீர்கள்.

அப்புறம் பேரம். இதில்தான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெர்சுவேஷன் ரோல், அதாவது பேசி மசியவைக்க முடிந்ததா என்று பார்க்கப் பகடை உருட்டுவது. ஜெயித்தால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று வைத்தேன். என்ன ஆனது? எங்கள் பார்டு (பாடகர் கேரக்டர் ஆடுபவர்) மட்டும் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தார், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ரெண்டு மாதத்தில் தள்ளுபடி விலையே அசல் விலை ஆகிவிட்டது. இருபது பக்கப் பகடையில் 20 விழுந்தால் பாதி விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு சண்டை வேறு. ஐந்தாம் பதிப்பில் 20-க்கு அந்த மரியாதை தாக்குதலில்தான், பேச்சுத் திறமையில் இல்லை என்று புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

யோசித்துப் பார்த்தால், நாம் கடையில் பேரம் பேசும்போது பகடையா உருட்டுகிறோம்? விலை கேட்போம், உதட்டைப் பிதுக்குவோம், நடையைக் கட்டுவோம். பத்தடி போகும்வரை காது மட்டும் பின்னாலேயே இருக்கும், கூப்பிடுகிறாரா என்று. கூப்பிட்டால் அவருக்கு விற்றாக வேண்டும் என்று அர்த்தம். கடைக்காரருக்கு என்ன அவசரம் என்பதில்தான் பேரமே இருக்கிறது. என் கடைக்காரர்களில் ஒருவருக்கும் எந்த அவசரமும் கிடையாது. பட்டியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இது உறைத்தது இரண்டாவது குழுவுக்காக ஃபண்டெல்வரை மறுபடி படித்தபோது. 2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த சாகசம் அது. ஃபண்டாலின் என்ற சின்ன ஊரில் இரண்டு கடைகள். ஒன்று பார்த்தன் என்பவரின் மளிகைக் கடை. தமிழில் எழுதினால் அர்ஜுனன் ஆகிவிடுகிற இந்த மனிதர், வழுக்கை விழுந்த, ஒல்லியான, ஐம்பது வயதுக்காரர். எங்கள் மேசையில் முதல் நாளே 'அண்ணாச்சி' ஆகிவிட்டார். அவர் கடையில் ஆயுதமும் கவசமும் கிடையாது, 25 பொன்னுக்கு மேல் விலையுள்ள எந்தச் சாமானும் கிடையாது. ஆனால் அவருடைய நண்பர் ஒருவரைக் காணவில்லை என்ற கவலை இருக்கிறது. இன்னொன்று லயன்ஷீல்டு வணிகக் குழுவின் கிளை, நடத்துபவர் லினீன். ஆயுதம் எல்லாம் அங்கேதான். ஆனால் ஊருக்குக் கெடுதல் செய்வார்கள் என்று அவர் நினைக்கிற யாருக்கும் விற்கமாட்டார். அவருடைய சரக்குப் பெட்டிகளைக் கொள்ளைக்காரர்கள் தூக்கிப்போயிருக்கிறார்கள். சாகசத்தின் முதல் குகையிலேயே நீலச் சிங்க முத்திரையோடு பிளேயர்கள் அந்தப் பெட்டிகளைப் பார்த்திருப்பார்கள். திருப்பிக் கொடுத்தால் 50 பொன்.

முதல் தடவை நடத்தியபோது இதையெல்லாம் 'பின்னணித் தகவல்' என்று தாண்டிப் போயிருக்கிறேன். கடையே இதுதான் என்று புரியவில்லை. இல்லாத ஒரு பொருள், தொலைந்த ஒரு பொருள், விற்க மறுக்கும் ஒரு ஆள். இவை மூன்றும் இருந்தால் குரலே மாற்ற வேண்டாம்.

லினீன் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிளேயர்கள் காப்ளின் என்ற குட்டி அரக்கர்களைக் கொன்று, பன்னிரண்டு வளைவாள்களைக் கட்டாகக் கட்டித் தூக்கி வந்தார்கள். பட்டியலில் ஒன்று 25 பொன், விற்றால் பாதி விலை, ஆக 150 பொன் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டாயிற்று. அரக்கர்கள் பயன்படுத்திய ஆயுதம் விற்கிற நிலையில் இருப்பது அபூர்வம் என்று விதிப் புத்தகமே சொல்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. லினீன் ஒரு வாளை எடுத்து, கட்டைவிரலால் முனையைத் தடவி, துருவைத் தன் கவுண்டரிலேயே துடைத்துவிட்டு, "இரும்பு விலைக்கு எடுத்துக்கறேன். ராத்தலுக்கு ஒரு வெள்ளி" என்றார். அரை நிமிடம் மேசையில் சத்தமே இல்லை. பிறகு ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். போனை எடுப்பவரும்தான்.

இனி நோட்டு விஷயம்.

இரண்டரை வருடத்துக்கு முன், முதல் நிலைக் கேரக்டர்கள், கையில் காசில்லை. கயிறு வேண்டும், பந்தம் வேண்டும். பழக்கதோஷத்தில் ஒரு பிளேயர், "அண்ணாச்சி, கணக்குல எழுதிக்கோங்க" என்றார். பிள்ளைகளின் பள்ளிப் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, சிவப்புப் பேனாவால் எழுதினேன்: சணல் கயிறு 50 அடி, 1 பொன். தீப்பந்தம் 10, பத்துச் செம்பு. நான்கு நாள் கட்டுச்சாதம், 2 பொன். மொத்தம் 3 பொன் 1 வெள்ளி. நோட்டைத் திருப்பி அவர்கள் பக்கம் தள்ளினேன். நாலு பேர் கேரக்டர் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள். பார்பேரியன் என்ற முரட்டு வீரர் கேரக்டருக்கு எழுத்து தெரியாது என்று பின்கதை. அந்தப் பிளேயர் விரலில் பால்பாயிண்ட் பேனாவைத் தேய்த்து ரேகை வைத்தார். நீலமாக, பாதி அழிந்து, இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அன்றிலிருந்து கடை உயிர் பிடித்துக்கொண்டது. பாழடைந்த மாளிகையில் இரண்டு பேர் மயங்கிக் கிடக்கும்போது ஒருவர், "நாம செத்துட்டா அண்ணாச்சிக்கு யாரு கட்டறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் பின்வாங்கும் முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டது. வட்டி நான் போடுவதில்லை. பாக்கி மூன்று தடவை தள்ளிப்போனால் அண்ணாச்சி ஒரு வேலை சொல்வார்: பக்கத்து ஊருக்கு ஒரு மூட்டை, மகனைத் தேடிப் போன ஒரு வாடிக்கையாளர். எனக்குக் கதைக்குப் பஞ்சமே இல்லாமல் போய்விட்டது.

வீட்டுச் சமையலறையும் ஒருமுறை உதவியது. விதிப் புத்தகத்தில் வணிகச் சரக்குப் பட்டியல் ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் படிப்பதே இல்லை. ஒரு ராத்தல் கோதுமை ஒரு செம்பு, ஒரு கோழி இரண்டு செம்பு, ஒரு ராத்தல் மிளகு 2 பொன். ஒரு பொன்னுக்கு நூறு செம்பு. ஆக, ஒரு ராத்தல் மிளகுக்கு நூறு கோழி! வாளுக்குப் பாதி விலைதான், ஆனால் இந்த மாதிரிச் சரக்குக்கு முழு விலை கிடைக்கும். குகையில் பொற்காசுக்குப் பதில் இருபது ராத்தல் மிளகு மூட்டையை வைத்தேன். "ரசம் வைக்கவா?" என்றவர்கள் பட்டியலைப் பார்த்ததும் அதைக் குழந்தைபோலத் தூக்கிக்கொண்டார்கள். ஆற்றைக் கடக்கும்போது மூட்டை நனைந்தது. கடைக்கு வந்ததும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கிண்ணம் மிளகை மேசையில் வைத்தேன். அண்ணாச்சி கையைவிட்டு அளைந்து, முகர்ந்து, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்தார். "ஈரம் பட்டிருக்கே." பிறகு இருபது நிமிடம் பேரம். ஒரு பகடைகூட உருளவில்லை. 40 பொன் பெறவேண்டியது 33-இல் முடிந்தது, பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு.

குறைகளும் உண்டு. பேச்சே பிடிக்காத ஒரு பிளேயர் இருக்கிறார்; அவருக்குக் கடை என்றால் தண்டனை. அவர் வெள்ளி இரவே வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பிவிடுவார், விலையைக் கழித்து வைத்துவிடுவேன். அம்பு, எண்ணெய், கட்டுச்சாதம் எல்லாமே இப்போது அப்படித்தான், யாருக்கும் காட்சி கிடையாது. ஒரு செஷனில் ஒரே ஒரு கடைதான் திறந்திருக்கும், அதுவும் அரை மணி நேரம். இதற்கு மேல் போன ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டிருக்கிறேன்.

இன்னொன்று, ரோக் (திருடர்) கேரக்டர் ஆடுபவர் ஒருநாள் சாவகாசமாகக் கேட்டார்: கடைக்காரரைத் தீர்த்துவிட்டால் கடனும் தீர்ந்துவிடும்தானே? நான் வாயே திறக்கவில்லை. கடையில் இரண்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள், நோட்டு அவர்கள் கைக்குப் போகும் என்று மற்ற நாலு பேருமே அவரை மடக்கினார்கள்.

மந்திரப் பொருட்களை மட்டும் நான் கடையில் வைப்பதில்லை. 2014 டிஎம் கையேட்டில் 'ரேர்' (அரிய) வகைக்கு விலை 501-லிருந்து 5,000 பொன் வரை என்று போட்டிருக்கிறது. அதை வைத்து யாரும் வியாபாரம் பண்ண முடியாது. 2024 கையேட்டில் 4,000 என்று ஒரே எண்ணாக ஆக்கிவிட்டார்கள், அவசரத்துக்கு அது உதவுகிறது. எனக்குப் பிடித்தது 2017-இல் வந்த சனாத்தர் கையேடு என்ற கூடுதல் விதிப் புத்தகத்தின் முறை: விற்பவரைத் தேடவே ஒரு வார வேலையும் 100 பொன் செலவும் ஆகும், வழியில் சிக்கலும் வரலாம். அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுப்பதில்லை, யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து வருகிறது. அவருக்கும் ஒரு அவசரம் இருக்கும்.

முழுத் தட்டுக் கவசம் வாங்கியது தனிக் கதை. 1,500 பொன். ஐம்பது காசு ஒரு ராத்தல் என்பதால், பணமே முப்பது ராத்தல் எடை. ஃபண்டாலினில் அது கிடைக்குமா, காசை யார் சுமப்பது என்பதிலேயே ஒரு ஞாயிறு போயிற்று. யாருக்கும் வருத்தமில்லை.

பார்பேரியன் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். புதுக் கேரக்டரோடு வந்த அதே பிளேயர், முதல் வேலையாக நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். அந்த ரேகைப் பக்கத்தில் 4 வெள்ளி பாக்கி நின்றது. பர்ஸிலிருந்து நாலு ஒற்றை ரூபாய் நாணயத்தை எடுத்து மேசையில் வைத்து, "அண்ணாச்சி, அவர் கணக்கை அடிச்சிருங்க" என்றார். சிவப்புப் பேனா எங்கே போயிற்றோ, பென்சிலால்தான் அடித்தேன்.