மாவிலையா, சிரிங்காவா, பிளாஸ்டிக்கா? டர்பன் வாசலில் கட்டிப் பார்த்த தோரணங்கள்

தோரணம் கட்டுகிற அன்றைக்கு எந்த இலையும் அழகாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் அது எப்படித் தொங்குகிறது என்று பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். போன தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை எங்கள் வராந்தாக் கம்பியில் நான்கு சரங்களை அருகருகே கட்டினேன். மாவிலை ஒன்று, வேம்பு போலத் தோன்றும் சிரிங்கா மரத்தின் இலை ஒன்று, அஸ்பராகஸ் கொடி ஒன்று, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலை ஒன்று. "இது வீட்டு வாசலா, இலைக்கடையா?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது. வாசல் வடக்குப் பார்த்தது. சென்னையில் இருப்பவருக்கு தீபாவளி மாதத்தில் வடக்கு வாசல் என்றால் நிழல். உலகின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கோ வெயிலே வடக்கிலிருந்துதான் விழுகிறது. இலையைச் சோதிக்க இதைவிடப் பொல்லாத இடம் கிடைக்காது. தோட்டம் என்று சொல்லிக்கொள்வதும் கொஞ்சம் மிகைதான். 1960களில் நிறவெறி அரசு, டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசீன் பாரக்ஸிலிருந்து தமிழ்க் குடும்பங்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தபோது, ஒட்டிக் கட்டிய வீடுகளின் பின்னால் கிடைத்த துண்டு நிலம் அது. நாலு பாய் விரித்தால் முடிந்துவிடும். அதற்கு முன் இந்தச் சரிவுகளில் இந்திய விவசாயிகளின் வாழைத் தோட்டங்கள் இருந்தன. என் பாட்டி, எங்கள் ஆயா, வந்த வருடமே ஒரு மாங்கொட்டையைப் புதைத்து வைத்தார். இன்று எங்கள் தெருவில் தோரணத்துக்கு இலை கேட்டு வருகிறவர்கள் நேராக அந்த மரத்தடிக்குத்தான் போகிறார்கள்.

முதலில் மாவிலை. தடித்த, மெழுகு பூசினாற்போன்ற இலை. அறுத்த பிறகும் ஈரத்தை எளிதில் விடாது. வெயிலில் மூன்று நாள் தொங்கியும் பச்சை மாறவில்லை, ஓரங்கள் மட்டும் லேசாக உள்நோக்கிச் சுருண்டன. ஒரு வாரத்துக்குப் பிறகு காய்ந்து பழுப்பானது. அப்போதும் ஓர் இலைகூட உதிரவில்லை. காம்பை மடக்கிக் கயிற்றில் செருகியிருப்பதால் காய்ந்தாலும் அது பிடியை விடுவதில்லை. ஆனால் எந்த இலையைப் பறிக்கிறோம் என்பது முக்கியம். செம்பு நிறத்தில் பளபளக்கும் கொழுந்து பார்க்க அழகு. மத்தியானத்துக்குள் துவண்டு ஈரத்துணியாகிவிடும். முற்றிய கரும்பச்சை இலையைக் காலையிலேயே பறித்து, ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிறகு கோர்க்க வேண்டும்.

மாவிலைக்கு ஒரு விலை உண்டு, அதை மரம் கொடுக்கிறது. தீபாவளி இங்கே வசந்தமும் கோடையும் சேரும் நேரத்தில் வருகிறது. அப்போது மரத்தில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு பிடித்திருக்கும். மாமரம் கிளையின் நுனியில்தான் பூக்கும், காய்க்கும். நுனிக் கிளையை ஒடித்துக்கொண்டு போகிறவர் டிசம்பர் மாத ஊறுகாயையும் சேர்த்தே ஒடித்துக்கொண்டு போகிறார். மாங்காய் ஊறுகாய் இல்லாத டர்பன் சமையலறையை நான் பார்த்ததில்லை, ஆகவே இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். காயில்லாத கீழ்க் கிளைகளில் தனித்தனி இலையாகப் பறித்தால் மரத்துக்கு நோகாது. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் கதை வேறு. பழம் இறங்கிய கிளைகளை அப்போது எப்படியும் கழிக்க வேண்டும், தோரணமும் கிடைத்துவிடும். சித்திரைப் பிறப்புக்கு மறுபடி கை கட்டிக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் கிளையை வெட்டினால் புதிதாக வருகிற தளிர் குளிர்காலத்துக்குள் முற்றாது, முற்றாத கிளை பூக்காது.

பிளாஸ்டிக்கைப் பற்றி இகழ்ச்சியாகவே எழுத நினைத்திருந்தேன். நியாயமாகச் சொன்னால், மாடிக் குடியிருப்பில் இருக்கிறவருக்கும், மரம் நட அனுமதிக்காத வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இருக்கிறவருக்கும் அது ஒரு வழி. மழையில் நனைந்தாலும் கவலை இல்லை. ஆனால் வெயில் அதன் மஞ்சளை மட்டும் தின்றுவிடுகிறது. முதல் வருடம் பச்சையாக இருந்தது, இரண்டாம் வருடம் நீலம் கலந்த ஏதோ ஒரு நிறமாகிவிட்டது. விளக்கு வரிசைக்கு மேலே கட்டினால் இன்னொரு தொல்லை. காய்ந்த மாவிலையும் தீப்பிடிக்கும்தான், ஆனால் பிளாஸ்டிக் உருகி எரிந்துகொண்டே கீழே சொட்டும். எந்தச் சரமானாலும் விளக்கின் சுடருக்கு நேர் மேலே வேண்டாம். நாங்கள் இப்போது அகல்களைப் படிக்கட்டின் இரு ஓரங்களுக்கு மாற்றிவிட்டோம்.

இனி சிரிங்கா. நான்கு சரங்களில் படுதோல்வி அடைந்தது இதுதான். வீட்டில் சண்டையை மூட்டியதும் இதுதான்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மாரியம்மனைக் கூடவே கொண்டுவந்தார்கள். வேப்ப மரத்தைக் கொண்டுவர முடியவில்லை. கண்ணில் பட்ட மரங்களில் வேம்பின் சாயல் இதில் இருந்தது, கசப்பும் இருந்தது, அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்பார் ஆயா. உண்மையில் இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். வேம்பில் ஒரு காம்பின் இரு பக்கமும் அரிவாள் போல வளைந்த சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். சிரிங்காவில் அந்தக் காம்பே மறுபடி கிளைத்து, ஒவ்வொரு கிளையிலும் சிற்றிலைகள் இருக்கும். இன்றும் கஞ்சி வார்க்கும் நாளில் கும்பத்தில் சிரிங்காவைச் செருகுகிற வீடுகள் இங்கே உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஆடி மாதம் எங்களுக்குக் குளிர்காலம். சிரிங்கா இலையுதிர்க்கும் மரம். அம்மனுக்கு வேண்டிய மாதத்தில்தான் அது மொட்டையாக நிற்கிறது. இலை ஒட்டிக்கொண்டிருக்கும் கிளை எங்கே இருக்கிறது என்று தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு போன நினைவு எனக்கு இருக்கிறது.

தோரணமாக அது தேறவில்லை. மெல்லிய சிற்றிலைகள் இரண்டு மணி நேரத்தில் வாடின. மறுநாள் காலை காற்றடித்ததும் உதிர்ந்து வராந்தா முழுவதும் சிதறின. தண்ணீர் நிறைந்த செம்பில் செருகினால் மட்டும் இரண்டு நாள் தாங்குகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதன் மஞ்சள் காய்கள் நச்சுத்தன்மை உள்ளவை. குழந்தைகளும் நாய்களும் இருக்கும் வீட்டில் காயோடு கொத்தைத் தொங்கவிடக் கூடாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் 2014இல் வந்த விதிகள் சிரிங்காவை ஆக்கிரமிப்பு அயல் மரமாகப் பட்டியலிட்டிருக்கின்றன. நகர்ப்புறத்தில் அது 3ஆம் வகை. ஏற்கெனவே நிற்கிற மரம் நிற்கலாம். புதிதாக நடவோ விற்கவோ பரப்பவோ கூடாது. நகருக்கு வெளியே 1பி வகை, அதாவது கட்டுப்படுத்தியே ஆக வேண்டியது. பறவைகள் காயைத் தின்று விதையை ஓடைக்கரைகளில் போடுகின்றன, அங்கே அது காடாகிவிடுகிறது. பின்வேலியில் நிற்கும் எங்கள் சிரிங்காவை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறு வெள்ளிக்கிழமை அதன் அடியில் மஞ்சள் பூசியிருந்தது. இப்போது எங்களுக்குள் ஓர் உடன்பாடு: மரம் இருக்கும், காய் பழுக்குமுன் கொத்துக் கொத்தாக நான் வெட்டி எடுத்துவிடுவேன். தொட்டியில் வைத்த வேப்பங்கன்று என் இடுப்புயரம் வந்திருக்கிறது. அதைப் பற்றி அம்மா இன்னும் கருத்துச் சொல்லவில்லை.

வாயிற்கதவுக்கு வாழை கட்டுவது என்றால் போட்டி இரண்டு பேருக்குள்தான். தோட்டத்து வாழையைத் தாரோடு வெட்டிக் கட்டினால் அதற்கு ஈடே இல்லை. ஆனால் கடற்காற்று ஒரே பகலில் இலையை நார்நாராகக் கிழித்துவிடும். நம் கரையோரத்துக்கே உரிய காட்டு வாழை, ஸ்ட்ரெலிட்சியா நிக்கோலாய், வாழை போலத் தோன்றினாலும் இலை விறைப்பானது. வெட்டிக் கட்டி ஆறாவது நாளும் நிமிர்ந்து நின்றது. முகூர்த்தம் ஒரு நாள் என்றால் வாழை. ஒரு வாரப் பண்டிகை என்றால் காட்டு வாழை. சாப்பிட அதன் இலையை நாங்கள் விரிப்பதில்லை.

தைப்பூசக் காவடிக்குக் குருத்தோலை வேண்டும் என்பவர்கள் தென்னையைத் தேடி அலைகிறார்கள். தென்னைக்கு ஒரே குருத்து. அடியில் கத்தி பட்டால் மரமே போய்விடும். காட்டு ஈச்சை தூராக வளர்வதால் ஒரு குருத்தை எடுத்தாலும் பக்கத்தண்டுகள் இருக்கின்றன. அடிமட்டையில் இருப்பவை இலையல்ல, முள். கையுறை இல்லாமல் போக வேண்டாம்.

மிச்சமிருந்த சரமான அஸ்பராகஸை நான் எண்ணியே பார்த்ததில்லை. டர்பனில் அதைத் தோட்டத்தில் நடுகிறவர்களும் உண்டு, அதுவாகவே வேலியோரம் வந்தும் நிற்கும்; இந்த மண்ணின் சொந்தச் செடி. பெரணி என்று நினைக்கிறார்கள், அது தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவு. வேரில் கிழங்கு கிழங்காக நீரைச் சேர்த்து வைத்திருக்கும். அறுத்த தண்டு நீரில் நின்றால் இரண்டு வாரம் பச்சையாகவே இருக்கிறது. நீரில்லாமல் தொங்கவிட்டால் நான்காம் நாள் ஊசி ஊசியாகக் கொட்டத் தொடங்குகிறது. ஆகவே தோரணத்துக்கு மாவிலையை அது வெல்ல முடியவில்லை. ஆனால் டிசம்பரில் என் சித்திக்குக் கைகொடுத்தது அதுதான்.

சித்தி டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் இருக்கிறார், கிறிஸ்தவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கதவில் பச்சை வளையம் மாட்டுவார். முதல் வருடம் நான் அதை மலர்வளையம் என்று சொல்லிவிட்டேன். ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யார் செத்துப்போனது?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வெறும் வளையம்.

சாலையோரம் விற்கிற பைன் கிளைக்கு மணம் உண்டு, ஆனால் அது நம் தோட்டத்துப் பொருள் அல்ல, போட்டியில் சேர்க்கவில்லை. சித்தியின் பக்கத்து வீட்டில் சிவப்பு மணிகளோடு ஒரு பிரேசில் மிளகு மரம் நிற்கிறது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வருகிற ஹாலிச் செடிக்கு அவ்வளவு நெருக்கம். நானும் மயங்கினேன். மாவும் முந்திரியும் பிரேசில் மிளகும் ஒரே குடும்பம் என்பதும், மாம்பால் பட்டால் தடிக்கிற தோல் இதற்கும் தடிக்கும் என்பதும் மணிக்கட்டு சிவந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் அது 1பி வகை வேறு. அந்த மணிகளை ஊர் ஊராகக் கொண்டுபோகவே கூடாது.

கடைசியில் பழைய கம்பி வளையத்தில் ஈரப் பஞ்சைச் சுற்றி, அதில் அஸ்பராகஸ் தண்டுகளைச் செருகினோம். நடுவே ஹைட்ரேஞ்சியா. இந்நாட்டில் அதைக் கிறிஸ்துமஸ் ரோஜா என்றே அழைக்கிறார்கள், டிசம்பரில் சரியாகப் பூத்து நிற்கும். ஹைட்ரேஞ்சியா என்ற கிரேக்கப் பெயரில் இருக்கிற நீர் குணத்திலும் இருக்கிறது: தாகம் தாங்காது. பறித்த பூவைத் தலையோடு தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி எடுத்தால் நிமிர்ந்துவிடும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பஞ்சை நனைத்தார் சித்தி. விருந்து முடிந்து மறுநாள் நல்லெண்ண தின விடுமுறையிலும் வளையம் வாடாமல் இருந்தது.

அவிழ்க்கிற நாளில் வரிசை மறுபடி மாறியது. மாவிலையைச் சணல் கயிற்றோடு சேர்த்து எருக்குழியில் போட்டேன். அஸ்பராகஸின் முள் விரலில் ஏறியது, உதிர்ந்த ஊசிகளை இரண்டு நாள் பெருக்கினேன். சித்தி வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மிளகு மணிகளை எருவில் சேர்க்காமல் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன். பிளாஸ்டிக் தோரணம் பிஸ்கட் டின்னுக்குள் திரும்பிப் போயிருக்கிறது. பொங்கலுக்கு முன் அதை ஒருமுறை கழுவ வேண்டும்.