மருந்து பூசிய பலூன்: அம்மாவின் பிஸ்டுலாவில் 13 மாத அனுபவம்

என் அம்மாவின் இடது மணிக்கட்டில், டயாலிசிஸுக்காக (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்க) அமைத்த இரத்தக்குழாய் இணைப்பான பிஸ்டுலா சுருங்கியதால், அதை உள்ளிருந்து விரிக்கும் பலூன் சிகிச்சையை இதுவரை மூன்று முறை செய்திருக்கிறார்கள். முதல் இரண்டு முறையும் சாதாரண பலூன்; மூன்றாவது முறை பாக்லிடாக்செல் என்னும் மருந்து பூசிய பலூன். முதலாவது 4 மாதமும் இரண்டாவது 5 மாதமும் தாங்கின. மூன்றாவதைச் செய்து 13 மாதங்கள் ஆகியும் அந்த இடம் இன்னும் திறந்தே இருக்கிறது. ஒரே ஒரு கையில் கண்டதை வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை அறிந்தே, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பிஸ்டுலா ஏன் சுருங்குகிறது என்பது புரிந்தால்தான் இந்தப் பலூனின் அருமை புரியும். 1966ஆம் ஆண்டில் பிரெஸ்சியா, சிமினோ ஆகியோரின் குழு அறிமுகப்படுத்திய இந்த அறுவைச் சிகிச்சையில், தமனியையும் சிரையையும் தோலுக்கடியில் இணைத்துத் தைக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தில் அமைதியாக ஓடும் இரத்தத்துக்கு மட்டுமே பழகிய மெல்லிய சிரைச் சுவரின் மீது, தமனியின் முழு வேகமும் சுழன்று வந்து மோதத் தொடங்குகிறது. அந்தத் தாக்குதலைக் காயம் என்றே எடுத்துக்கொள்ளும் சுவர், தசைச் செல்களையும் நார்த்திசுச் செல்களையும் உட்புறம் நோக்கிப் பெருகவிட்டுத் தன்னைத்தானே தழும்பாக்கித் தடித்துக்கொள்கிறது. மணிக்கட்டுப் பிஸ்டுலாவில் இது பெரும்பாலும் தையலை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குள் நடக்கும். அம்மாவுக்கும் அங்கேதான் நடந்தது. கையை வைத்தால் உணரப்படும் அதிர்வு மெலிந்து, ஒரு துடிப்பாக மட்டும் மாறியதை முதலில் கண்டுபிடித்தவர் அம்மாவேதான்.

சாதாரண பலூன் அந்தத் தழும்பை உயர் அழுத்தத்தில் விரித்து உடைக்கிறது. வழி திறந்துவிடும், அன்றே டயாலிசிஸும் நன்றாக ஓடும். ஆனால் உடைத்த இடம் புதிய காயம் அல்லவா? அது ஆறும்போது மறுபடியும் அதே தழும்பு வளர்கிறது. அடைப்பை நீக்கும் சிகிச்சையே அடுத்த அடைப்புக்கு விதை போடுகிறது என்பதை இரண்டாவது முறை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். அந்த நாளில் அம்மா மருத்துவரிடம், “டாக்டர், இது திரும்ப வராமல் இருக்க மாத்திரை எதுவும் கிடையாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையைப் புதிய பிஸ்டுலா வைத்த 877 பேரிடம் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்ப வாரங்களில் உறைகட்டி அடைப்பது குறைந்தது. ஆனால் பிஸ்டுலா டயாலிசிஸுக்குத் தகுதியாக வளர்வது கூடவில்லை. உறைகட்டி வேறு, தழும்பு வேறு.

மருந்து பூசிய பலூன் தழும்பின் வளர்ச்சியையே குறிவைக்கிறது. பாக்லிடாக்செல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து. செல்கள் இரண்டாகப் பிரிவதை நிறுத்தும் தன்மை கொண்டது. பலூனை விரித்துச் சுமார் 3 நிமிடம் சிரைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும்போது மருந்து சுவருக்குள் இறங்கி, பலூனை எடுத்த பிறகும் அங்கே தங்கி வேலை செய்கிறது. குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட்டைப் போல உலோகம் எதையும் உள்ளே விட்டுவிட்டு வருவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம், ஏனெனில் பின்னாளில் ஊசி குத்த வேண்டிய இடம் மிச்சமாகிறது.

ஆய்வு முடிவுகளும் எங்கள் அனுபவத்துக்கு ஆதரவாகவே இருக்கின்றன. 330 நோயாளிகள் பங்கேற்று, 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஆய்வில், 6 மாத முடிவில் மறுசிகிச்சை இன்றித் திறந்திருந்தவை மருந்துப் பலூனில் 82.2 சதவீதம், சாதாரண பலூனில் 59.5 சதவீதம். அதே சமயம், மருந்தின் அளவு குறைவாக இருந்த வேறொரு பலூனை 285 பேரிடம் சோதித்தபோது 6 மாதத்தில் கிடைத்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆகவே ‘மருந்துப் பலூன்’ என்ற பெயரைக் கேட்டதும் ஒப்புக்கொள்ளாமல், எந்தப் பலூன், பிஸ்டுலாவுக்கென்று சோதிக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மருந்துப் பலூன் மட்டும் போதாது. முதலில் உயர் அழுத்த சாதாரண பலூனால் தழும்பை முழுமையாக விரித்த பிறகே இதை உள்ளே அனுப்ப வேண்டும். மேலே சொன்ன 330 பேர் ஆய்விலும் அப்படி விரிந்தவர்களையே சேர்த்துக்கொண்டார்கள். எனவே செலவு இரட்டிப்பாகிறது. மருந்துப் பலூனின் விலை தனியாகவே அதிகம். ஒருமுறை விரித்தால் மருந்து இறங்கிவிடும் என்பதால் இன்னொரு இடத்துக்கு அதையே பயன்படுத்த இயலாது. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தும் பலூன் விரிந்த அந்த நிமிடங்களில் அம்மா வலியால் என் பெயரைச் சொல்லி அழைத்தார். வலி மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்கியிருக்கலாமே என்று இன்றும் எனக்கு வருத்தம் இருக்கிறது. அதைவிடப் பெரிய வருத்தம், முதல் இரண்டு முறையும் இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதை யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை என்பது.

பாதுகாப்பைப் பற்றி எனக்கும் பயம் இருந்தது. கால் தமனிகளில் இம்மருந்தைப் பயன்படுத்தியவர்களிடம் இறப்பு கூடுவதாக 2018இல் ஒரு பகுப்பாய்வு வெளிவந்து, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் எச்சரித்தது. கூடுதல் தரவுகளைப் பரிசீலித்த அதே நிர்வாகம், அவை இறப்பு அபாயம் கூடுவதைக் காட்டவில்லை என்று 2023 ஜூலையில் அறிவித்தது. அதைப் படித்த பிறகே நான் சம்மதக் கையெழுத்துப் போட்டேன்.

பலூன் காப்பாற்றியதை ஊசி கெடுத்துவிடக் கூடாது என்பதில் இப்போது மிகவும் கவனமாக இருக்கிறோம். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி என்றால் ஆண்டுக்கு 312 குத்துகள். எளிதாகக் கிடைக்கிறதே என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் சுவர் அங்கே வீங்கிப் பலவீனமாகும். அதன் இரு ஓரங்களிலும் சுருக்கம் விழும். ஏணிப்படி போல இடம் மாற்றிக் குத்தும்படி டெக்னீஷியனிடம் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறேன். அந்தக் கையில் இரத்தம் எடுக்கவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ அனுமதிப்பதில்லை.

மீண்டும் சுருங்கினால் இதே பலூனையே கேட்பேன். 5க்கு 4 மதிப்பெண். குறைத்த ஒன்று விலைக்காக. போன வாரம் எடுத்த டாப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டம் போதிய அளவில் இருந்தது. தினமும் காலையில் அம்மா மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்து, “ஓடுது” என்று சொன்ன பிறகே எழுந்திருக்கிறார்.