ஜிடிஏ ஆன்லைனில் கொள்ளைப் பங்கை விற்கிறேன் என்று யாராவது வந்தால் பணம் அனுப்பாதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நானும் என் சித்தி மகனும் சேர்ந்து 90 சிங்கப்பூர் வெள்ளி ஏமாந்தோம். அதில் 45 வெள்ளி அவன் தேசிய சேவைப் படியிலிருந்து எடுத்தது. நான் சொன்னேன் என்றுதான் அனுப்பினான். வேறொரு பையனுக்கு இப்படி நடக்கக் கூடாது என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

தம்பி வெள்ளிக்கிழமை புக் அவுட் ஆகி வந்தால் ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இருவரும் ஜிடிஏ ஆன்லைன் என்ற இணைய விளையாட்டை ஆடுவோம். அதில் சிலர் கூட்டாகச் சேர்ந்து ஒரு கொள்ளையை நடத்தி, கிடைக்கும் விளையாட்டுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். 2020 டிசம்பரில் வந்த காயோ பெரிக்கோ கொள்ளைமேல் அவனுக்கு ரொம்ப நாளாகவே ஆசை. ஆனால் அதை நடத்த வேண்டுமென்றால் சொந்தமாகக் கொசாட்கா நீர்மூழ்கி இருக்க வேண்டும். அடிப்படை விலையே 2,200,000 விளையாட்டு டாலர். அது இல்லாதவர் வேறொருவர் நடத்தும் கொள்ளையில் ஆளாகச் சேரலாம், அவ்வளவுதான். எங்கள் இருவரிடமும் இருந்ததைக் கூட்டினாலும் அந்த விலையில் பாதி தேறவில்லை.

அப்போதுதான் ஒரு அரட்டைக் குழுவில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். "நாலு ஓட்டம், ஒரே ராத்திரி, நீர்மூழ்கி உறுதி." ஓட்டம் என்றால் கொள்ளையை ஒரு தடவை ஆடி முடிப்பது. ஆளுக்கு 45 வெள்ளி. விளம்பரம் போட்டவனிடம் பேசினேன். ஓட்டத்துக்கு 1,600,000 கிடைக்கும், அதில் உங்களுக்கு ஆளுக்கு 40 சதவீதம், எனக்கு வெறும் 20, எனக்குத்தான் நீங்கள் வெள்ளியில் கொடுத்துவிடுகிறீர்களே என்றான். பேச்சு மரியாதையாக இருந்தது. நான் கணக்குப் போட்டேன்: ஓட்டத்துக்கு 640,000, நாலு ஓட்டத்துக்கு 2,560,000. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இன்னைக்கே வாங்கிடலாம்ல?" என்று கேட்டான். சரி என்று பேநவ் என்ற வங்கிப் பணமாற்றுச் சேவை வழியாக இருவரும் பணம் அனுப்பினோம். திரையில் வந்த பெயர் அவன் எங்களிடம் சொன்ன பெயர் இல்லை. கேட்டதற்கு, நண்பனின் கணக்கு என்றான். நான் அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

முதல் ஓட்டம் நன்றாகவே போனது. மூன்று பேரும் தீவுக்குள் இறங்கி, தீவின் முதலாளி எல் ரூபியோவின் மாளிகைக்குள் புகுந்து, பைகளை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தோம். திரையில் மொத்தத் தொகை 1,600,000 என்று காட்டியது. தம்பி கை தட்டினான். ஆனால் எங்கள் கணக்கில் ஏறியது ஆளுக்கு 211,200.

எங்கே போனது மீதி? இந்தக் கணக்கை நான் முன்பே புரிந்துகொண்டிருந்தால் பணம் அனுப்பியே இருக்க மாட்டேன். திரையில் பெரிதாகத் தெரியும் தொகை யாருடைய சம்பளமும் இல்லை. முதலில் திருட்டுப் பொருளை விற்றுத் தருபவருக்கு 10 சதவீதம் போகிறது. பிறகு நீர்மூழ்கியை ஓட்டும் பாவெலுக்கு 2 சதவீதம். 1,600,000இல் 192,000 அங்கேயே கழிந்துவிடும். மிச்சம் 1,408,000. அதைத்தான் ஆட்களுக்குப் பங்கு போடுகிறார்கள். அவன் சொன்னபடியே 40 சதவீதம் கொடுத்திருந்தாலும் எங்களுக்கு 563,200தான் வந்திருக்கும், 640,000 அல்ல. தினமும் இந்தக் கொள்ளையை நடத்துகிறவனுக்கு இது தெரியாமல் இருக்காது. கழிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் முழுத் தொகையில் சதவீதம் சொல்லி விற்கிறான் என்றால், அங்கேயே பொய் தொடங்கிவிட்டது.

அடுத்தது பங்கு. அதைத் தலைவர், அதாவது கொள்ளையை நடத்துகிறவர், ஒருவர்தான் தொடங்கும் முன் திரையில் வரும் திட்டப் பலகையில் வைக்கிறார். ஆளுக்குக் குறைந்தது 15 சதவீதம், அதற்குக் கீழே போக முடியாது. நாங்கள் பலகைக்கு வந்தபோது என் பெயருக்குப் பக்கத்தில் 40 என்று இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தப் பக்கமாக நுழைவது, எந்தத் துப்பாக்கி நல்லது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். தயார் என்று அழுத்தும் முன் நான் பலகையை மறுபடி பார்க்கவில்லை. எங்களுக்கு 15, 15. அவனுக்கு 70. 1,408,000இல் 15 சதவீதம் சரியாக 211,200.

தலைவர் அதிகம் எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. காயோ பெரிக்கோவில் தொடங்கும் செலவு 25,000ஐ அவர்தான் கட்டுகிறார், வேவு பார்ப்பதும் தயாரிப்பு வேலைகளும் அவர் பொறுப்பு. 2015இல் வந்த பழைய கொள்ளைகளிலும் தயாரிப்புக் கட்டங்களில் ஆட்களுக்குச் சம்பளம் உண்டு, தலைவருக்குக் கிடையாது. அதை ஈடுகட்ட இறுதிக் கட்டத்தில் அவர் கூடுதலாக எடுத்தால் அது நியாயம்தான். ஆனால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு பங்கைச் சொல்லிக் காசு வாங்கிவிட்டு வேறு பங்கு வைப்பது மோசடி.

"ஒரே ராத்திரியில் நாலு ஓட்டம்" என்பதையும் நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு ஓட்டம் முடிந்ததும் தலைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி வேவு பார்த்து, தயாரிப்புகளைச் செய்து முடித்த பிறகுதான் அடுத்தது. இரண்டாவது ஓட்டத்துக்குக் கூப்பிடும்போதே மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

அந்தத் தடவை பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 15தான். கேட்டேன். இது விளையாட்டில் உள்ள கோளாறு, முடிந்ததும் என் கணக்கிலிருந்து உங்களுக்கு மாற்றிவிடுகிறேன் என்றான். நினைத்த தொகையை நினைத்த நேரத்தில் இன்னொருவர் கணக்குக்கு மாற்றும் வசதி இந்த விளையாட்டில் கிடையாது. அதைச் சொன்னதும், அப்படியானால் உங்கள் மின்னஞ்சல், கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் குறியீடு மூன்றையும் கொடுங்கள், நானே உள்ளே போய்ப் பணத்தை ஏற்றுகிறேன் என்றான். தம்பி தட்டச்சு செய்யவே தொடங்கிவிட்டான். கையைப் பிடித்துத் தடுத்தேன். கொடுக்க முடியாது என்று எழுதிய அடுத்த நிமிடமே எங்கள் இருவரையும் தடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை 1799ஐ அழைத்தேன். அது மோசடி பற்றி ஆலோசனை கேட்பதற்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண். நிதானமாகக் கேட்டு, வங்கியிடம் உடனே சொல்லுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள் என்றார்கள். இரண்டையும் செய்தேன். நாங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் என்பதால் திரும்பி வருவது கடினம் என்று வங்கியில் சொன்னார்கள். விளையாட்டு நிறுவனத்திடம் முறையிடவும் வழியில்லை. விளையாட்டுப் பணத்தை நிஜப் பணத்துக்கு விற்பதை அந்த நிறுவனமான ராக்ஸ்டாரின் விதிகளே அனுமதிப்பதில்லை. காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் விளையாட்டுப் பணத்துக்காக அவர்களே விற்கும் ஷார்க் கார்டு போன்றவைதான் முறையான வழி.

இப்போது நானும் தம்பியும் ஃப்ளீக்கா வங்கிக் கொள்ளையை ஆடுகிறோம். இரண்டே பேர் போதும், நீர்மூழ்கி வேண்டாம், தலைவரிடம் உயர்தர அடுக்குமாடி வீடு ஒன்று இருந்தால் சரி. தொகை சிறியதுதான். ஆனால் பங்கை வைத்ததும் சதவீதத்தை வாய்விட்டுச் சொல்லி, இருவரும் பார்த்த பிறகுதான் தயார் அழுத்துகிறோம்.

அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. விற்பவர் பெயர் மாறியிருக்கிறது, விலை 50 வெள்ளி ஆகியிருக்கிறது, "நீர்மூழ்கி உறுதி" என்ற வாசகம் மட்டும் அப்படியே இருக்கிறது. உங்களில் யாராவது அவனுக்குப் பணம் அனுப்பியிருந்தால் உரையாடலை அழிக்காமல் படம் எடுத்து வைத்து, நீங்களும் புகார் கொடுங்கள்.