குளத்து நீருக்கு ஒரு சோதனைப் பெட்டி: வாங்கலாமா?

யாழ்ப்பாணத்து வண்ணமீன் கடைகளில் விற்கும், துளித்துளியாக இரசாயனம் விட்டு நிறம் பார்க்கும் நீர்ச் சோதனைப் பெட்டி ஒன்றை, எங்கள் ஊர்க் குளத்தின் நிலை ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்று பதிந்து வைப்பதற்காகப் பாடசாலை மாணவர்களுடன் பயன்படுத்தி வருகிறோம். மீன் தொட்டிக்கென்று செய்யப்பட்ட பொருள் இந்த வேலைக்கு எவ்வளவு தகும் என்பதே என் மதிப்பீடு.

நைத்திரேற்றுச் சோதனை உருப்படியானது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பசளை அதிகம் இடப்படும் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அந்த அளவுகளை நிற அட்டை தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டாம் போத்தலின் அடியில் படிவதை நன்றாகக் குலுக்கிக் கலக்காவிட்டால் மட்டும் அளவு குறைத்தே காட்டும்.

பொசுபேற்றுச் சோதனைதான் ஏமாற்றம். ஏரியில் பாசியைப் பெருக்குவதில் அதிலுள்ள பொசுபரசே முக்கியம். 1973இல் கனடாவின் 226ஆம் இலக்க ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இருபக்கமும் நைதரசனும் காபனும் இட்டு, ஒருபக்கத்தில் மட்டும் பொசுபரசும் சேர்த்தார்கள். அந்தப் பக்கமே பாசி பிடித்துப் பச்சையானது. மொத்தப் பொசுபரசு லீற்றருக்கு 0.035 மில்லிகிராமைத் தாண்டினாலே ஏரி நற்போசணையாக்கம் (போசணை மிகுந்து பாசி பெருகும் நிலை) அடைந்ததாகக் கொள்வது வழக்கம். பெட்டியின் அட்டையிலோ பூச்சியத்துக்கு அடுத்த படி, பொசுபேற்றாக 0.25, பொசுபரசாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.08. போதாததற்கு, கரைந்திருப்பதைப் பாசியே உறிஞ்சிவிடுவதால், பச்சைக் குளத்திலும் விடை பூச்சியமாக வரலாம்.

ஒட்சிசன் சோதனை சரியானதே, நேரம்தான் சிக்கல். பாசி மிகுந்த நீரில் வெயிலேற ஒட்சிசன் கூடும், விடியுமுன் மிகக் குறையும். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் எடுக்கும் அளவு எப்போதும் குளத்துக்கு நல்ல பெயர்தான் வாங்கிக் கொடுக்கும்.

பெட்டியில் இல்லாத பொருள்தான் அதிகம் உதவியது: பெயின்ற் வாளி மூடியில் 20 சென்ரிமீற்றர் வட்டம் வெட்டி, கறுப்பும் வெள்ளையும் பூசி, கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தை நீரின் தெளிவாகக் குறிக்கும் செக்கித் தட்டு. அமெரிக்காவின் தாகோ ஏரியின் தெளிவு 1968இல் 31 மீற்றராக இருந்து அண்மைய ஆண்டுகளில் 20 மீற்றர் அளவுக்குச் சுருங்கியதைக் காட்டியதும் இத்தகைய தட்டே. நம் குளங்கள் ஆழமற்றவை. கோடையில் தட்டு தரையைத் தொட்டுவிடும், மாரி வெள்ளத்தில் களிமண்ணே கண்ணை மறைக்கும். ஆகவே மாரி ஓய்ந்து கலங்கல் அடங்கும் தை மாதத்தில், குளத்தின் ஒரே படிக்கட்டில், ஒரே நேரத்தில் அளந்தால்தான் ஆண்டுகளை ஒப்பிட முடியும்.

முழுப் பெட்டியையும் வாங்க வேண்டியதில்லை. நைத்திரேற்று, ஒட்சிசன் போத்தல்களைத் தனியாகக் கேட்டு, காலாவதித் திகதி பார்த்து வாங்குங்கள். பொசுபரசுக்கு ஆய்வுகூடத்தையே நாடுங்கள்.