நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கான விதிமுறைக் கையேடு: ஓராண்டு பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

கல்வியாண்டின் முதல் வாரத்தில் என் மகள் தன் பையிலிருந்து பதினான்கு பக்கக் கையேடு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வகுப்பறையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், வீட்டுப்பாடம் எவ்வளவு, மதிப்பெண் எவ்வாறு கணக்கிடப்படும், விதி மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பவை அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடும், அதன் கீழே மாணவர் கையெழுத்துக்கு இன்னொரு கோடும் இடப்பட்டிருந்தன. இத்தகைய தாள்களில் படிக்காமலே கையெழுத்திட்டு அனுப்பிவிடும் பழக்கம் பெற்றோர் பலருக்கும் உண்டு. அந்த இரண்டாவது கோட்டைப் பார்த்ததால்தான் மகளோடு உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். இப்போது ஆண்டு முடிந்துவிட்டது. கையேடு எங்கே கைகொடுத்தது, எங்கே பிள்ளைகளைக் கைவிட்டது என்பதைச் சொல்ல முடிகிறது. விதிகளைப் பற்றியே பேசப்போவதால் பள்ளியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

ஒன்பது முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விதி எழுதுவது எளிதன்று. சிறு வகுப்புப் பிள்ளை, டீச்சர் சொன்னார் என்பதற்காகவே ஒன்றைச் செய்யும். இந்த வயதுப் பிள்ளையோ ஏன் என்று கேட்கும், எல்லாருக்கும் ஒரே விதிதானா என்று கவனிக்கும். கோலி விளையாடும் சிறுவர்களை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932-இலேயே இதைக் கவனித்திருந்தார்: ஏறத்தாழப் பத்து வயதில்தான், விதி என்பது மேலிருந்து வந்த மாறாத கட்டளையன்று, ஆடுபவர்கள் கூடி ஒப்புக்கொண்டது என்ற புரிதல் உருவாகிறது. இந்தக் கையேட்டின் இரண்டாம் பக்கம் அதை உணர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. அச்சிட்ட விதிகள் ஐந்து. அவற்றுக்குக் கீழே வகுப்பே பேசி நிரப்புவதற்காக அரைப் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. "பிறரை மதித்து நடக்க வேண்டும்" என்ற பொதுவான வரிக்குப் பிள்ளைகள் தாங்களே பொருள் எழுதினார்கள்: ஒருவர் தவறாக விடை சொன்னால் சிரிக்க மாட்டோம், குழு வேலையில் யாரையும் கடைசி ஆளாக நிற்க வைக்க மாட்டோம். எந்தப் பெரியவரும் எழுதியிருக்க முடியாத அந்த இரண்டாவது வரியைத்தான், என் மகள் சொன்னபடி, ஆண்டு முழுவதும் எல்லாரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

வருகை, விடுப்புக் கடிதம், சீருடை, கைபேசி பற்றிய பக்கங்கள் வழக்கமானவை. குழப்பமின்றி எழுதப்பட்டிருக்கின்றன, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுப்பாடப் பகுதியே கையேட்டின் சிறந்த பகுதி. நான்காம் வகுப்புக்கு நாளொன்றுக்கு 40 நிமிடம், ஐந்தாம் வகுப்புக்கு 50 நிமிடம் என்று அளவு வைத்து, அந்த நேரம் பிள்ளை முயன்ற பிறகும் முடியவில்லையென்றால் பெற்றோர் டைரியில் குறிப்பெழுதி நிறுத்திவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற இந்தக் கணக்கு அமெரிக்கப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பேசப்படுவது. வீட்டுப்பாடம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஹாரிஸ் கூப்பர் அதை ஆதரித்தவர். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மேல் வகுப்புகளில் காணப்படும் அளவுக்குத் தொடக்க வகுப்புகளில் வலுவாக இல்லை என்பதும் அவருடைய தொகுப்பில் தெரியவந்ததுதான். ஆயினும் எங்கள் வீட்டில் மாற்றத்தை உண்டாக்கியது நிறுத்திவிடலாம் என்ற அனுமதிதான். முந்தைய ஆண்டில் இரவு ஒன்பதரை மணிக்கு அழுகையோடு முடிந்த கணக்குகள், இந்த ஆண்டு "நான்காவது கணக்கில் கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை" என்ற ஒற்றை வரியாக டைரியில் முடிந்தன. மறுநாள் அதைத்தான் ஆசிரியை முதலில் நடத்தினார்.

தாமதமாகக் கொடுக்கப்படும் வேலைக்கான விதியை நான் தனியாகப் பாராட்ட வேண்டும். வேலையைக் கொண்டுவராத பிள்ளை ஒரு சீட்டில், என்ன நடந்தது, எப்போது முடித்துத் தருவேன் என்ற இரண்டு கேள்விகளுக்குத் தன் கையாலேயே பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பள்ளி நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள்ளும் முடியாவிட்டால், காலை முதல் பாட வேளைக்கு முன் ஆசிரியையின் அருகில் அமர்ந்து முடிக்க வேண்டும். மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆனால் வேலையிலிருந்து தப்பவும் வழியில்லை. மூன்றாம் மாதத்தில் வரைபட வேலையைச் செய்ய மறந்த என் மகள், முந்தைய ஆண்டாக இருந்தால் வயிற்று வலி என்று படுத்திருப்பாள். இந்த முறை "மறந்துவிட்டேன், வியாழக்கிழமை தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அதைச் சாதாரணமாகச் சொன்னாள். தவறியவர் திரும்பி வருவதற்கு வழி வைத்திருக்கும் விதிதான் இந்த வயதுப் பிள்ளையை உண்மை பேச விடுகிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

சின்னச் சச்சரவு என்றால் பிள்ளை முதலில் தானே ஆசிரியையிடம் பேச வேண்டும், மூன்று நாட்களில் தீராவிட்டால் மட்டும் பெற்றோர் எழுதலாம் என்ற விதி தொடக்கத்தில் எனக்கு உறுத்தலாக இருந்தது. தயங்கும் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டபோது, பேச முடியாதவர்கள் எழுதிப் போடுவதற்கு வகுப்பில் பெட்டி இருப்பதாக ஆசிரியை சொன்னார். அப்படியொரு பெட்டி இருக்கிறது என்பதைக் கையேட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். கேலி, அடி, மிரட்டல் போன்றவற்றுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது என்ற வரியும் இல்லை. அது சிறிய விடுபடல் அன்று.

மதிப்பெண் பகுதிக்கு வரும்போது என் பாராட்டு நின்றுவிடுகிறது. பெயர் எழுத மறந்தால் ஒரு மதிப்பெண், ஓரக்கோடு போடாவிட்டால் ஒரு மதிப்பெண், நோட்டுக்கு அட்டை போடாவிட்டால் இரண்டு மதிப்பெண் என்று குறைக்கிறார்கள். கணக்குத் தேர்வில் 20-க்கு 16 வாங்கி வந்த பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லையா, அல்லது பெயரும் ஓரக்கோடும் அட்டையும் விடுபட்டதால் அந்த எண்ணா என்பது அதைப் பார்க்கும் யாருக்கும் தெரியாது. ஒழுங்கும் பழக்கமும் முக்கியமே. அவற்றுக்கு அறிக்கையில் தனி இடம் கொடுக்கலாம். இன்னொன்று, எல்லாத் தாள்களிலும் மதிப்பெண்ணோடு குறிப்பும் எழுதித் தருவதைக் கையேடு தன் சிறப்பாகச் சொல்கிறது. ஆசிரியையின் குறிப்புகள் உண்மையிலேயே கவனமாக எழுதப்பட்டவை. ஆனால் என் மகள் எண்ணைப் பார்த்த கணமே தாளை மடித்துவிடுவாள். இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் ரூத் பட்லர் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: குறிப்பு மட்டும் பெற்றவர்களிடம் ஆர்வமும் செயல்திறனும் வளர்ந்தன, மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. அவ்வளவு உழைத்து எழுதும் குறிப்பை முதலில் கொடுத்து, பிள்ளை திருத்திக் கொண்டுவந்த பிறகு மதிப்பெண்ணைச் சொன்னால் அந்த உழைப்பு வீணாகாது.

கையேட்டில் நான் ஏற்க முடியாத ஒரே பக்கம் பதினொன்றாம் பக்கம். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் கொண்ட பலகை வகுப்பின் முன்சுவரில் தொங்கும். மூன்று எச்சரிக்கைகளுக்குப் பின் பிள்ளையின் பெயர் சிவப்புக்குப் போகும். அன்று அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு இடைவேளை கிடையாது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளைக்குத்தான் ஓடியாடும் நேரம் அதிகம் தேவை. விதியோ அந்தப் பிள்ளையிடமிருந்தே அதைப் பறிக்கிறது. தண்டனையாகவோ படிப்பைக் காரணம் காட்டியோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவும் கூறுகிறது. ஆண்டு முழுவதும் சிவப்பில் இருந்தவை பெரும்பாலும் அதே மூன்று பெயர்கள் என்று மகள் சொன்னாள். மாதம் பலவாகியும் அதே பெயர்கள் அங்கேயே இருந்ததால், அந்தப் பலகை யாரையும் திருத்தவில்லை என்றே கொள்ள வேண்டும். அந்த மூவரும் எப்படிப்பட்டவர்கள் என்று மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் அது தினமும் அறிவித்துக்கொண்டிருந்தது. யாரையும் கடைசி ஆளாக நிற்க வைக்க மாட்டோம் என்று இரண்டாம் பக்கத்தில் பிள்ளைகளே எழுதிவைத்த அதே வகுப்பில்தான் இதுவும் நடந்தது.

ஆண்டிறுதிச் சந்திப்பில் இவை எல்லாவற்றையும் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். சென்ற வாரம் அடுத்த ஆண்டுக்கான வரைவு பெற்றோர் பார்வைக்கு வந்தது. இடைவேளையை நீக்கும் வரி இல்லை. அதன் இடத்தில், ஆசிரியர் பிள்ளையுடன் தனியே ஐந்து நிமிடம் பேசுவார் என்று இருக்கிறது. எழுதிப் போடும் பெட்டியும் சேர்க்கப்பட்டுவிட்டது. பலகை மட்டும் அப்படியே இருக்கிறது, அட்டை போடாத நோட்டுக்கான இரண்டு மதிப்பெண்ணும் அப்படியே. கையெழுத்துக் கோட்டுக்கு மேலே அந்த இரண்டையும் பற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன். தன் கோட்டில் இன்னும் கையெழுத்திடாத மகள், பலகையைப் பற்றித் தனியே ஒரு சீட்டு எழுதி அதோடு வைத்திருக்கிறாள்.