சிவாஜிநகர் அரபி இலக்கண வகுப்பு: 'நாஸ்' பாடத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பெங்களூரு சிவாஜிநகரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழிலேயே நடைபெறும் ஓர் அரபி இலக்கண வகுப்பில் படித்து வருகிறேன். குர்ஆன் ஓதத் தெரிந்தும் இலக்கணம் பயிலாத பெரியவர்களுக்கான வகுப்பு இது. இதன் தரத்தை அறிய, ஒரு கூட்டத்தை மொத்தமாகக் குறிக்கும் தொகுதிப் பெயர்களைப் பற்றிய பாடம் ஒன்றே போதும்.

குர்ஆனின் 114ஆம் அத்தியாயத்துக்குப் பெயராக அமைந்த 'நாஸ்' என்னும் சொல்லை எங்கள் ஆசிரியரான ஹஜ்ரத் எடுத்துக்கொண்டார். மக்கள் என்று பொருள்படும் இச்சொல்லுக்கு அதே வடிவில் ஒருமை கிடையாது. ஒருவரைக் குறிக்க 'இன்ஸான்' என்றே சொல்ல வேண்டும். கரும்பலகையில் 'உனாஸ்' என்று எழுதி, முதலில் நின்ற ஹம்ஸா என்னும் எழுத்தை மட்டும் விரலால் அழித்துக் காட்டி, 'அல்' என்னும் சுட்டு முன்னொட்டு சேர்ந்து வழக்கில் தேய்ந்த வடிவமே 'அந்நாஸ்' என்பது 8ஆம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் ஸீபவைஹியின் கருத்து என விளக்கினார். தேயாத வடிவம் 17ஆம் அத்தியாயத்தின் 71ஆம் வசனத்தில் இருப்பதை எங்களையே எடுத்துப் படிக்கச் செய்தார்.

இச்சொற்களின் மூலத்தைப் பற்றிய பழைய கருத்து வேறுபாட்டையும் அவர் மறைக்கவில்லை. 'இன்ஸான்' என்பது நெருங்கிப் பழகுதலைக் குறிக்கும் 'உன்ஸ்' என்பதிலிருந்து வந்தது என்பர் ஈராக்கின் பஸ்ரா நகர இலக்கண மரபின் அறிஞர். அது மறதியைக் குறிக்கும் 'நிஸ்யான்' வழி வந்தது என்பர் அதே நாட்டின் கூஃபா நகர மரபின் அறிஞர். 'நுவைஸ்' என்ற குறுமை வடிவத்தைச் சான்றாக்கி, அசைதலைக் குறிக்கும் வேரே 'நாஸ்' என்பதற்கு மூலம் என்பாரும் உண்டு. வகுப்பில் தீர்ப்பு எதுவும் வழங்கப்படவில்லை. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

ஒப்பீட்டுக்குக் காட்டிய எடுத்துக்காட்டுகளும் பொருத்தமானவை. பேரீச்சம்பழத்தைப் பொதுவாகக் குறிக்கும் 'தம்ர்' என்பதுடன் பெண்பால் ஈறு சேர்ந்தால் 'தம்ரா', அதாவது ஒரு பழம்; எண்ணத்தக்க சில பழங்கள் 'தமராத்'; பல வகைகள் 'துமூர்'. ரோமரைக் குறிக்கும் 'ரூம்' போன்ற இனப்பெயர்களிலோ ஈகாரம் சேர்ந்து 'ரூமீ' என ஒருவரைக் குறிக்கும். வினை முன்னே வந்தால் ஒருமையில் 'கால அந்நாஸு' (மக்கள் சொன்னார்கள்) என்றும், பெயர் முன்னே வந்தால் பன்மையில் 'அந்நாஸு யகூலூன' (மக்கள் சொல்கிறார்கள்) என்றும் அமைவதை மட்டும் விரைந்து முடித்துவிட்டார். அதற்குக் கூடுதல் பயிற்சி தேவை.

குறை என்றால், கையில் தரும் நகல் தாள்தான். ஹரகத்துகள் என்னும் உயிர்க்குறிகள் மங்கியிருப்பதால் 'உனாஸ்' என்பதை 'அனாஸ்' என்று படித்தவர்கள் பலர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் உடனே சேர வேண்டாம். மற்றவர்கள் தயங்காமல் சேரலாம்.